அம்மாவின் பிஸ்கட் ரின்: யுத்த காலத்துக் காதலை வாசிக்கிறது எப்படி?

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறேன்.)



யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பங்களின் போட்டோ அல்பங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். நான் பார்த்த அல்பங்களில் கனக்க, 1996க்குப் பிறகுதான் தொடங்குது. அதுக்கு முந்தின காலத்துக்கு அடையாள அட்டை சைஸில ஒண்டு, ரெண்டு போட்டோ இருக்கும். அவ்வளவுதான். அம்மா அப்பா இளமையாக இருந்த காலமே காணாமல் போன மாதிரி இருக்கும்.

ஆனா அல்பத்தில இல்லாதது வேற எங்கேயோ இருக்கும். அலுமாரியின் மேல்தட்டில ஒரு பிஸ்கட் ரின், லாச்சிக்குள்ள ஒரு பிளாஸ்ரிக் ஃபைல், பழைய சூட்கேஸின் பக்கப் பை. எங்கட வீட்டில அது ரின். அதுக்குள்ள நாலு சாமான் இருக்குது. நாலும் 1993க்கும் 1997க்கும் இடையில அம்மா அப்பாவுக்கு நடந்த காதலின் மிச்சம். இண்டைக்கு அந்த நாலையும் வைச்சு, இப்படியான பொருட்களை எப்படி வாசிக்கிறது எண்டு சொல்லப்போறன்.

என்ர வேலையில ஒரு சிஸ்டம் ஏன் அப்படி நடந்தது எண்டு தெரியவேணும் எண்டால் லொக் ஃபைலைப் பார்ப்பம். ஆரும் நினைச்சு எழுதாத சின்னச் சின்னக் குறிப்புகள் அதில இருக்கும். வீட்டுப் பொருட்களும் அப்படித்தான். ஒவ்வொண்டிட்டயும் மூண்டு கேள்வி கேளுங்கோ. இது எதால செய்தது? எந்த வழியால கைக்கு வந்தது? எதை விட்டுட்டு இதை வைச்சிருந்தவை?

முதல் கொஞ்சம் பின்னணி

90களுக்குப் பிறகு பிறந்த ஆக்களுக்காகச் சொல்லுறன். 1990 ஜூனில யுத்தம் திரும்பத் தொடங்கினதோட, குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, யாழ்தேவியும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது 2014இல. பெற்றோல், பற்றரி, சோப் எண்டு ஒரு நீண்ட பட்டியலுக்குப் பொருளாதாரத் தடை. ஆனையிறவுப் பாதை மூடியபடியால், வெளியில போறவை இரவில கிளாலிக் கடல்நீரேரியில வள்ளத்தில போகவேணும். அதில உயிர் போனவை கனபேர். வெளியேற இயக்கத்திட்ட பாஸும் எடுக்கவேணும்.

அந்தக் காலத்தில ஒரு 19 வயதுப் பிள்ளைக்கும், றேடியோ திருத்துற ஒரு 23 வயதுப் பெடியனுக்கும் காதல் வந்தது. அதுதான் அம்மாவும் அப்பாவும்.

ஒண்டு: சைக்கிள் டைனமோ

ரின்னில பாரமான சாமான் இதுதான். போத்தல் வடிவத்தில, சக்கரத்தோட உரசி ஓடுற பழைய டைனமோ.

சைக்கிள் டைனமோ வழமையாக 6 வோல்ற், 3 வாற் தரும். அந்தக் காலத்து றேடியோ ஒண்டு நாலு பற்றரியில ஓடும். ஒண்டுக்கு ஒண்டரை வோல்ற் எண்டால் நாலுக்கும் சேர்த்து 6. கணக்குச் சரி. ஆனா டைனமோ தாறது ஆடலோட்ட மின். றேடியோவுக்கு நேரோட்டம் வேணும். அதுக்கு இடையில டயோட்டும், மின்னைச் சமப்படுத்த ஒரு கப்பாசிற்றரும் போடவேணும். பழைய, பழுதாப்போன றேடியோக்களைக் கழட்டி எடுத்தால் ரெண்டும் கிடைக்கும். அப்பா மாதிரி ஆக்களுக்கு அப்ப நல்ல மதிப்பு.

சைக்கிளை ஸ்ராண்டில நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்துவினம். ஊர் கூடியிருந்து பிபிசி தமிழோசை கேட்கும். மனிலாவில இருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் கேட்கும். சுத்திறவர் களைச்சால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும்.

அம்மாவின் ஒழுங்கையில இருந்த ஒரு வீட்டு முற்றத்திலதான் அப்பா சுத்தினவர். செய்தி முடிஞ்சதும் ஆக்கள் எழும்பிப் போவினம். அம்மாவும் அவவின் சிநேகிதியும் மட்டும் பாட்டுக் கேட்க நிண்டவை. அப்பா சுத்திறதை நிப்பாட்டேல்லை. “எவ்வளவு நேரம் சுத்தினவர்?” எண்டு அம்மாவைக் கேட்டன். “எனக்குப் பாட்டுத்தான் கேட்டது பிள்ளை. அவருக்குக் கை நொந்தது எண்டு கலியாணத்துக்குப் பிறகுதான் சொன்னவர்.”

ஒரு டைனமோவைப் பார்த்து ஆரும் காதல் சின்னம் எண்டு சொல்லமாட்டினம். அது ஏன் ரின்னுக்குள்ள இருக்குது எண்டு கேட்டால்தான் வெளியில வரும்.

ரெண்டு: கொப்பித் தாள் கடிதங்கள்

மொத்தம் 17 கடிதம். எல்லாம் அப்பா அம்மாவுக்கு எழுதினது. எல்லாம் கோடு போட்ட கொப்பித் தாள். முதல் பார்த்தபோது பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரிக் கொப்பியைக் கிழிச்சு எழுதியிருக்கினமே எண்டு சிரிச்சன். பிறகுதான் விளங்கினது, அப்ப பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில அச்சான காலம். கடுதாசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ரெண்டு பக்கமும் எழுதி, ஓரத்தில எழுதி, அதுவும் முடிஞ்சால் தாளைத் திருப்பிக் குறுக்காலயும் எழுதியிருக்கிறார்.

எதால செய்தது எண்ட கேள்விக்குத் தாள் பதில் சொல்லுது. சில தாள்களில எண்ணெய்ப் பொட்டு இருக்குது. அது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. எண்ணெயை மிச்சம் பிடிக்க ஊரே கண்டுபிடிச்ச விளக்கு அது. பொட்டு இருக்கிற கடிதம் எல்லாம் இரவில எழுதினது எண்டு எடுக்கலாம்.

எந்த வழியால வந்தது? ஒண்டிலயும் முத்திரை இல்லை. கையால குடுத்து விட்டது. கையால போற கடிதத்தை வழியில ஆரும் பிரிக்கலாம். அதனால அப்பா ஒரு பொம்பிளைப் பிள்ளையின் பேரில கையெழுத்துப் போட்டிருக்கிறார், அம்மாவோட ரியூசன் படிக்கிற சிநேகிதி மாதிரி. ஆரும் பிரிச்சுப் பார்த்தாலும் பிரச்சினை வராது. ஒரு கடிதத்தில அரைவாசிக்கு மேல சோப்பைப் பற்றித்தான். பனம்பழத்தால உடுப்புத் தோய்ச்ச காலம் அது. எங்கேயோ ஒரு கட்டி சோப் கிடைச்சிருக்கு, அதை வெட்டிப் பாதியைக் குடுத்து விடுறன் எண்டு “சிநேகிதி” எழுதியிருக்கிறா.

காதல் கடிதத்தில காதல் எங்க எண்டு தேடினால் ஏமாந்து போவீங்கள். பாதிச் சோப்தான் காதல்.

எதை விட்டுட்டு எதை எடுத்தது

மூண்டாவது கேள்விக்கு வருவம். 1995 ஒக்ரோபர் 30. இராணுவம் யாழ் நகரை நெருங்குது. எல்லாரையும் வெளியேறச் சொல்லி இயக்கம் ஒலிபெருக்கியில அறிவிக்குது. வலிகாமத்தில இருந்து லட்சக்கணக்கான சனம் ஒரே நேரத்தில தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டுது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில நகர ஏலாத நெரிசல். வழமையாக சைக்கிளில ஒண்டரை மணித்தியாலத்தில போற சாவகச்சேரிக்குப் போய்ச் சேர, ஒரு நாளும் அதுக்கு மேலயும் எடுத்தவை கனபேர்.

இப்ப நீங்களே யோசியுங்கோ. கையில தூக்கக்கூடியது மட்டும்தான். அரிசி எடுக்கிறதா? காணி உறுதி? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை, பாய், சின்னப் பிள்ளை, நடக்க ஏலாத அம்மம்மா. போட்டோ அல்பம் பாரம். அதுதான் அல்பங்கள் எல்லாம் 1996க்குப் பிறகு தொடங்குது.

அம்மா என்ன செய்தவ எண்டால், தன்ர ஓ/எல் சேர்ட்டிபிக்கேற் வைச்சிருந்த பிளாஸ்ரிக் ஃபைலுக்குள்ள கடிதங்களைச் செருகினவ. அந்த ஃபைலை அம்மப்பா தன்ர கையாலயே தூக்கிக்கொண்டு நடந்தவர். மகளின் படிப்பைக் காப்பாத்துறன் எண்டு நினைச்சவர், அவ்வளவு தூரமும் அவவின் காதல் கடிதத்தைச் சுமந்திருக்கிறார். அந்த ஃபைலை விட்டுட்டு அரிசிச் சாக்கை எடுத்திருக்கலாம். எடுக்கேல்லை. கடிதம் இண்டைக்கும் இருக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

ஒரு நினைவுப் பொருள் ஏன் தப்பினது எண்டு கேட்டால், அந்தக் குடும்பம் அப்ப எதை முக்கியம் எண்டு நினைச்சது எண்டும் தெரியவரும்.

மூண்டு: செஞ்சிலுவைச் செய்தி

1996 ஏப்ரலில தென்மராட்சியும் இராணுவத்திட்டப் போனது. சனம் ரெண்டாப் பிரிஞ்சுது. ஒரு பகுதி வலிகாமத்துக்குத் திரும்பினது, மற்றப் பகுதி கிளாலி தாண்டி வன்னிக்குப் போனது. அம்மா வீடு திரும்பினது. அப்பா வீடு கிளிநொச்சிக்குப் போனது. இனிக் கையால கடிதம் குடுத்து விட வழியில்லை.

சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ‘செஞ்சிலுவைச் செய்தி’ எண்டு ஒரு முறை இருக்குது. யுத்தத்தால பிரிஞ்ச குடும்பங்களுக்கு. ஒரு படிவம், அதில சொந்த, குடும்ப விஷயம் மட்டும் எழுதலாம். ஒட்டக்கூடாது. திறந்தபடிதான் போகும், ஆரும் வாசிக்கலாம். அரசியல், இராணுவ விஷயம் எழுதினால் போகாது. இது இலங்கைக்கு மட்டும் வந்த ஒழுங்கில்லை. ரெண்டாம் உலக யுத்தத்தில இதே மாதிரி படிவத்தில 25 சொல் மட்டும்தான் எழுதலாம். உலகம் முழுக்கக் காதலர்கள் 25 சொல்லுக்குள்ள தங்கட கதையை அடக்கியிருக்கினம். அதே யுத்தத்தில பிரித்தானிய சிப்பாய்கள் கடிதவுறையின் பின்பக்கத்தில ‘இத்தாலி’ எண்டு எழுதுவினம். ஆங்கிலத்தில அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் விரிச்சால், உன்னை நம்புறன், உன்னைக் காதலிக்கிறன் எண்டு வரும். தணிக்கை செய்யிறவருக்கு முன்னாலயே நடக்கிற ரகசியம்.

அப்பாவும் ஒரு வழி கண்டுபிடிச்சார். குடும்ப விஷயம்தான் எழுதலாம் எண்டால் அம்மா உறவாக இருக்கவேணும். “அன்புள்ள மச்சாளுக்கு” எண்டு தொடங்கியிருக்கிறார். பாருங்கோ, மச்சாள் எண்டால் சொந்தமும் ஆச்சு, எங்கட முறையில கலியாணம் கட்டக்கூடிய சொந்தமும் ஆச்சு. ஒரே சொல்லில படிவத்தின் நிபந்தனையும் சரி, சொல்லவந்ததும் சரி.

மிச்சம் இதுதான்: எல்லாரும் சுகம். சைக்கிளும் சுகம். டைனமோ இன்னும் வேலை செய்யுது. மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

டைனமோ வேலை செய்யுது எண்டால் என்ன அர்த்தம் எண்டு உங்களுக்கு இப்ப தெரியும். தெரியாத ஆளுக்கு அது சைக்கிள் சாமான். அம்மப்பா அதை வாசிச்சிட்டு, “ஆரடி இந்தப் புது மருமகன்?” எண்டு கேட்டவராம். அண்டைக்குத்தான் வீட்டுக்குத் தெரியவந்தது.

நாலு: கலியாணப் போட்டோ

அப்பா பாஸ் எடுத்து வவுனியா வந்து, அங்க முகாமில நாட்கணக்கில இருந்து, கொழும்புக்கு வந்தார். அம்மா கப்பலில திருகோணமலைக்கு வந்து, அங்கயிருந்து கொழும்புக்கு. 1997இல பதிவுத் திருமணம். பிறகு ஒரு ஸ்ரூடியோவில எடுத்த ஒரேயொரு கலர் போட்டோ. சீலை இரவல். ரெண்டு பேரைத் தவிர அதில ஆரும் இல்லை. அப்பா வீட்டில இருந்து ஒருத்தரும் வரேல்லை, வர வழியில்லை.

நாலு பொருளிலயும் பார்க்க வடிவானது இதுதான். ஆனா ஆகக் குறைய விஷயம் சொல்லுறதும் இதுதான். பின்னுக்குத் திருப்பினால் பேர் இல்லை, திகதி இல்லை. திருமணச் சான்றிதழ் இல்லாட்டி ஆண்டுகூடத் தெரிஞ்சிருக்காது. எங்கட கண் போட்டோவுக்குத்தான் முதல் போகும். குறிப்பு இல்லாத போட்டோ ரெண்டு தலைமுறையில ‘ஆரோ ரெண்டு பேர்’ ஆகிடும்.

ரின்னுக்குள்ள இல்லாதது

கவனிச்சிருப்பீங்கள், நாலிலயும் எழுத்து எல்லாம் அப்பாவின்தான். அம்மா எழுதின கடிதங்கள் எங்க?

அப்பா அவற்றை ஹோர்லிக்ஸ் போத்தல் ஒண்டுக்குள்ள போட்டு வைச்சிருந்தவர். 1996 நடுப்பகுதியில கிளிநொச்சியில இருந்தும் வெளிக்கிடவேண்டி வந்தபோது, திரும்பி வந்து எடுப்பம் எண்டு கிணத்தடியில தாட்டவர். செப்ரெம்பரில இராணுவம் கிளிநொச்சியைப் பிடிச்சது. கன வருஷத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது கிணறு எங்க இருந்தது எண்டே கண்டுபிடிக்க ஏலேல்லை.

அப்பா 3 வருஷத்துக்கு முன்னம் தவறிட்டார். இப்ப நிலைமை என்னெண்டால், அந்தக் காதலில அப்பாவின் பாதி கடுதாசியில இருக்குது. அம்மாவின் பாதி அம்மாவின் தலைக்குள்ள மட்டும்தான் இருக்குது. வேற பிரதி இல்லை. என்ர தொழிலில, பிரதி இல்லாத ஒரே கொப்பி எண்டால் அதை முதல் காப்பாத்தோணும் எண்டுதான் படிப்பிப்பினம்.

அதனால ஞாயிற்றுக்கிழமைகளில ஒரு வேலை செய்யிறம். அப்பாவின் கடிதம் ஒண்டை நான் வாசிப்பன். “இது நீங்கள் எழுதின எதுக்குப் பதில்?” எண்டு கேட்பன். போன் பதிவு செய்துகொண்டிருக்கும். சிலதுக்கு அம்மாவுக்கு வசனமே ஞாபகம் இருக்குது. சிலது ஞாபகம் இல்லை. சிலதுக்கு, “அது உனக்கில்லை” எண்டு தாளை மடிச்சு வைச்சிடுவா. 17இல 11 முடிஞ்சிருக்கு. அதில ரெண்டு, உனக்கில்லை.

அந்த ரெண்டையும் நான் வற்புறுத்தேல்லை. ‘அம்மா சொல்ல விரும்பேல்லை’ எண்டு எழுதி வைச்சிருக்கிறன். அதுவும் ஒரு தகவல்தான்.

உங்கட வீட்டுக்கு

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, கேள்வி. “நீங்கள் எப்படிக் காதலிச்சனீங்கள்?” எண்டு கேட்டால் எந்த அம்மாவும் “போ அங்கால” எண்டுதான் சொல்லுவா. பொருளைக் கையில குடுத்திட்டுப் பொருளைப் பற்றிக் கேளுங்கோ. இதை ஆர் கொண்டுவந்து தந்தது? அப்ப எங்க நிண்டனீங்கள்? எங்க ஒளிச்சு வைச்சனீங்கள்? மிச்சம் தானா வரும். நடுவில பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கோ. அவை அந்தக் காலத்தில இழந்ததும் அதே ரின்னுக்குள்ளதான் இருக்குது. முகம் மாறினால் அண்டைக்கு நிப்பாட்டுங்கோ.

ரெண்டாவது, பிரதி. கடிதத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600 டிபிஐ அளவில ஸ்கான் பண்ணுங்கோ. முன்னும் பின்னும். வாட்ஸ்அப்பில போட்டோவாக அனுப்பினால் சுருக்கிப்போடும்; டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கோ. மூண்டு பிரதி, ரெண்டு வகைச் சேமிப்பு, ஒண்டு வேற ஊரில. 1981இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது, வேற பிரதி இல்லாத சுவடிகளும் அதோட போனது. ஒரு இடத்தில மட்டும் வைச்சிருக்கிறது என்னத்தில முடியும் எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூண்டாவது, மூலப் பொருள். தயவுசெய்து லமினேற் பண்ணாதீங்கோ. சூடும் பசையும் தாளுக்குள்ள இறங்கினால் திரும்ப எடுக்க ஏலாது. செலோரேப் ஒட்டாதீங்கோ, மஞ்சளாகிக் கறை விடும். துருப்பிடிச்ச ஊசி, கிளிப் எல்லாத்தையும் கழட்டுங்கோ. கொழும்பு, சென்னை மாதிரி ஈரப்பதனான ஊரில ரின்னுக்குள்ள சிலிக்கா ஜெல் பக்கற் ஒண்டு போட்டு வையுங்கோ.

நாலாவது, குறிப்பு. போட்டோவின் பின்பக்கத்தில பேனையால அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சில் நல்லது. வழுக்குற கலர் போட்டோவில பென்சில் பிடிக்காது. அதுக்கு ஒரு கடிதவுறையில முதல் எழுதிப்போட்டுப் பிறகு போட்டோவை உள்ள வையுங்கோ. ஆர், எங்க, எப்ப. அதோட, இதை ஆர் சொன்னது எண்டும் எழுதுங்கோ. ‘அம்மா சொன்னவ, 2025’ எண்டு. பெரியம்மா வேற மாதிரிச் சொன்னால் அதையும் பக்கத்தில எழுதுங்கோ. எது சரி எண்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

கடைசியா ஒண்டு. இந்த எபிசோட்டைப் போடுறதுக்கு முதல் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். அவ ரெண்டு இடத்தில வெட்டச் சொன்னவ, வெட்டியிருக்கிறன். நீங்களும் எதையாவது இன்ஸ்ராகிராமில போடுறதுக்கு முதல் கேளுங்கோ. அது அவையின்ட வாழ்க்கை. எங்களுக்குப் பார்க்கத் தந்திருக்கினம்.

இந்தக் கிழமை ஒரேயொரு வேலை. வீட்டில ஒரு பொருளை எடுத்து, ஒரேயொரு கேள்வி கேட்டு, பதிலைத் திகதியோட எழுதி வையுங்கோ. வெளிநாட்டில இருக்கிறவை வீடியோ கோலில கேளுங்கோ. பதில் என்ன எண்டு எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம். வணக்கம்.